ஜாக்கியின் கழுத்துத் துணி

ஆவணி 2, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. இது வீட்டுக்காரர் மரவள்ளி லோடு கணக்கு எழுதின நோட்டு. மீதிப் பக்கத்தில் எழுதுகிறேன்.
ஜாக்கியை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஷேர் ஆட்டோவில் நாயை ஏற்றவில்லை. நடை. பெல்ட்டைக் கழற்றினால் கழுத்து மயிரும் கூடவே வருகிறது. கழுத்தைச் சுற்றிப் புண், நீர் வடிகிறது.
"எத்தினி நாளா கழட்டாம வச்சிருந்தீங்க?" என்றார் டாக்டரம்மா.
இவர் இருந்தவரை தினம் சாயங்காலம் கழற்றி, கழுத்தைத் துடைத்து, பெல்ட்டை ஆணியில் மாட்டுவார். இவர் போய் ஒன்றரை மாதம். மழையில் நனைந்த பெல்ட் அப்படியே கிடந்தது. யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.
மருந்து இரண்டு வேளை. ஆறும்வரை கழுத்தில் ஒன்றும் கட்டக் கூடாது.

ஆவணி 6, வெள்ளி
வெயில். நாய் பிடிக்கும் வண்டி இரண்டு தெரு தள்ளி வந்ததாம். எதிர் வீட்டு செல்வி சொன்னாள். "பெல்ட்டு இல்லாதத பூரா ஏத்திக்கினு பூட்றாங்கக்கா. வெளிய வுடாத."
ஜாக்கி கதவுக்குள். கத்திக்கொண்டே. சோறு தொடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

ஆவணி 13, வெள்ளி
புண் காய்ந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னது: தோல் மெல்லிசு, லெதர், நைலான், இரும்பு எதுவும் ஆகாது. பழைய பருத்தித் துணி. இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். நனைந்தால் உடனே கழற்ற வேண்டும். போன் நம்பரைத் துணியிலேயே தைக்கலாம்.
பழைய பருத்தி என்றால் இவர் வேட்டிதான். பெட்டியைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்து கிழித்தேன்.
நீல நூல். பத்து எண். உலை பொங்கி வழிந்தது. எட்டு மட்டும் கோணல்.
செல்வி பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மாப்ள கணக்கா துண்டு கட்டி வுட்டுக்கீற. பொண்ணு எங்க பாத்துக்கீற?"
சிரித்தேன் போல.

ஆவணி 15, ஞாயிறு
மகள் உமா கரியாலூரிலிருந்து போன். அங்கே விடாத மழையாம்.
"எந்த நம்பர்மா தச்ச?"
சொன்னேன்.
"அது அப்பா நம்பர்மா."
தெரியும். எனக்கு மனப்பாடம் அது ஒன்றுதான். என் நம்பர் எனக்கு எதற்கு? எனக்கு நானே போன் போடுவேனா?
"பிரிச்சிட்டு உன்னுத தை. அந்த போனு செத்து கெடக்குது."

ஆவணி 16, திங்கள்
பிரிக்க உட்கார்ந்தேன். கத்தரிக்கோல் எடுத்தேன். நாளைக்கு.

ஆவணி 18, புதன்
பின் தெருவில் சாவு. வெடி போட்டார்கள். ஜாக்கி பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டது. துணி கழுத்தில்தான்.
பஸ் ஸ்டாண்டு, கோர்ட் வாசல், மார்க்கெட். இல்லை. கால் வீக்கம்.
வந்து இவர் போனை சார்ஜில் போட்டேன். ரீசார்ஜ் இன்னும் முடியவில்லை. வெளிச்சம் வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

ஆவணி 19, வியாழன்
மழை. பதினொரு மணி இருக்கும், இவர் போன் அடித்தது. இவர் வைத்த அதே சத்தம். எடுத்தேன். யாரோ ஒரு பையன்.
"அண்ணா, உங்க நாயி கல்யாண மண்டபத்தாண்ட கீது. எல பொறுக்கி நல்லா துன்னுக்கினு கீது. வரீங்களா?"
"நான் அவரு வூட்டுக்காரம்மா பேசறேன்."
"அண்ணன் இல்லீங்களா?"
"இல்லீங்க. பூட்டாரு."
"நீங்க வாங்கக்கா. வர்ற வரைக்கும் புடிச்சி வைக்கிறேன்."
கூட்டிவந்துவிட்டேன். வாயெல்லாம் குருமா வாசம். நம்பர் அப்படியே இருக்கட்டும். துணி ஈரம். கழற்றி, கழுத்தைத் துடைத்து, ஆணியில் மாட்டினேன். இவர் போனை சார்ஜில் போட்டேன்.