தீவில் காக்கை உண்டா

12.1.96, வெள்ளி

லட்சத்தீவுக் கப்பலில் போய்த் தீவில் இறங்கும் நாள் தை அமாவாசை என்று இன்றுதான் தெரிந்தது. காலண்டரைப் பார்க்காமல் டிக்கெட் போட்ட என்னைச் சொல்ல வேண்டும்.

முதலில் படகு சவாரி, அப்புறம் கடல் குளியல், இருட்டுவதற்குள் கப்பல் என்று நான் போட்டிருந்த திட்டத்தை அம்மா பொறுமையாகக் கேட்டார். "உங்கய்யனுக்குச் சோறு வெச்சு, அதைக் காக்கா எடுத்தாத்தான் கண்ணு நான் பச்சத்தண்ணி குடிப்பேன்" என்றார்.

சர்க்கரைக்கு ஊசி போட்டதும் அவர் சாப்பிட்டாக வேண்டும். போன அமாவாசைக்குக் காக்கை வரத் தாமதமாகி மயங்கி விழுந்துவிட்டார்.

தீவில் காக்கை உண்டா என்று டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "விசாரிச்சுச் சொல்றனுங்க" என்றார். இன்னும் சொல்லவில்லை.

படுக்கப் போகும்போது அம்மா கேட்டார்: "கடலைத் தாண்டி உங்கய்யன் எப்படிக் கண்ணு வழி கண்டுபுடிச்சு வருவாங்க?"