திரைக்கு வெளியே நின்று கேட்ட கதை

நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகம் நேற்று மழையில் நனைந்துவிட்டது. பையின் வாயை நான் சரியாக மூடவில்லை. இன்று காலை வெயில் வந்ததும் விறாந்தையில் ஒரு கதிரையின் மேல் அதை விரித்து, பத்துப் பத்துப் பக்கங்களாகப் பிரித்து, இடையிடையே பழைய பத்திரிகைத் துண்டுகளை வைத்தேன். பதினொரு மணியளவில் காகிதம் சூடேறத் தொடங்கியது. ஈரம் வெளியேறும் காகிதத்துக்கு ஒரு மணம் உண்டு. பசையும் புளிப்பும் கலந்த மணம். அது மூக்கில் பட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டேன். பின்னேரம்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அடங்கியிருக்கும் கபுறடிக்குப் போனால் ஸலாம் சொல்வேன், துஆ ஓதுவேன், திரும்புவேன். அங்கே நின்று நாவல்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நா எழாது. அதனால் காகிதத்தில் சொல்கிறேன்.

ஓம், நாவல்கள். நீ சிரிப்பாய். வாழ்நாளெல்லாம் தமிழ் படிப்பித்து, நீ வாசித்ததையெல்லாம் குப்பை என்று சொன்ன நான் இப்போது மாதத்துக்கு நான்கைந்து காதல் கதைகளும் மாயக்கதைகளும் வாசிக்கிறேன். பாதி நூலகத்திலிருந்து. எடுக்கும்போது மேலே ஓர் இலக்கண நூலை வைத்துக்கொள்வேன். அந்த இலக்கண நூலை இதுவரை ஏழு தடவை எடுத்திருக்கிறேன். நூலகப் பெண் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மற்றப் பாதி கைத்தொலைபேசியில். இப்போது கதைகள் அதில் தொடராக வருகின்றன. மகள்தான் எழுத்தைப் பெரிதாக்கித் தந்தாள். நான் வாசித்த காதல் தொடர்களில் பெரும்பாலானவற்றுக்கு நாயகன் ஒருவன்தான். பெயர் மட்டும் வேறு. பெரிய பணக்காரன், முன்கோபி, ஏதோ ஒரு நிர்ப்பந்தத்தில் ஏழைப் பெண்ணொருத்தியை மணந்துகொள்கிறான். நாற்பது பகுதிகள் வரை அவளை வார்த்தையால் குத்துகிறான். கடைசியில் ஒரு வரியில் மன்னிப்புக் கேட்கிறான், அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள். முன்பென்றால் நடை சரியில்லை, பாத்திரங்களுக்கு உயிரில்லை என்று எழுதியிருப்பேன். இப்போது எனக்குள்ள குறை ஒன்றுதான். அந்த ஒரு வரியைச் சொல்ல அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வாய் திறக்கிறான், வந்துவிடுகிறது. இதை எழுதுகிறவர்களுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லையோ என்று நினைக்கிறேன். இது ஒரு விமர்சனமா, என் சொந்தக் கணக்கைக் கதையின் தலையில் கட்டுகிறேனா என்பது எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு பகுதிக்குக் கீழேயும் வாசித்தவர்கள் எழுதுகிறார்கள். அடுத்தது எப்போது வரும், இன்றைக்கு ஏன் போடவில்லை, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று எழுத்தாளரைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கண்டால் நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒருதரம் வரிசையாகச் சொல்ல வேண்டும்.

கல்முனைக்குடியில் அந்த வீடு உன்னுடையது. உன் வாப்பா சீதனமாகக் கட்டித் தந்தது. நான் பாலமுனையிலிருந்து மாப்பிள்ளையாக வந்து குடியேறியவன். அந்த வீட்டில் என் அதிகாரம் செல்லுபடியான ஒரே இடம் புத்தக அலுமாரி. அதில் என் நூல்கள் இருந்தன. உன் நாவல்கள் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருந்தன. நான்தான் அங்கே வைக்கச் சொன்னேன். சுனாமி இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோனது. நாம் இருவரும் மகளும் தப்பினோம். ஐந்தாம் நாள் இடிபாட்டைக் கிளறப் போனபோது, சேற்றுக்குள்ளிருந்து உன் நாவல் ஒன்று வந்தது. என்னுடையது ஒன்றுகூட வரவில்லை.

முகாமாயிருந்த பள்ளிக்கூடத்தில் நீ அதைத் தாள் தாளாகப் பிரித்து மேசைகளில் காயவைத்தாய். கடைசித் தாள்கள் இல்லை. மேற்குப் பக்கக் கடைசி வகுப்பறையில் எட்டுப் பெண்கள் இத்தாவில் இருந்தார்கள். ஒரே நாளில் கணவனை இழந்தவர்கள். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டியவர்களுக்கு, வீடும் இல்லாதபடியால், வாசலில் இரண்டு புடவைகளைத் திரையாகக் கட்டிக் கொடுத்திருந்தோம். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு நீ அந்தத் திரைக்குள் போவாய். போய் அந்த நாவலை வாசிப்பாய்.

நான் முகாமின் பெயர்ப் பட்டியலுக்கும் சாப்பாட்டுக் கணக்குக் கொப்பிக்கும் பொறுப்பாக இருந்தேன். பாய்களை எண்ணுகிறவன்போலக் கொப்பியோடு அந்தக் கடைசி விறாந்தைக்கு வருவேன். வந்து திரைக்கு வெளியே நின்று கேட்பேன். ஒவ்வொரு நாளும் வந்தேன். கதையில் உப்பளத்துக்காரன் மகள் ஒருத்தி. பகலில் நிழலாக மட்டும் தெரிகிற ஓர் இளவரசன். அவன் இருக்கிறான் என்று யாராவது ஒருவர் நம்பினால்தான் அவனுக்கு உடம்பு வரும். பன்னிரண்டு நாள் கேட்டேன். பன்னிரண்டாம் நாள், கடைசித் தாள்கள் இல்லாவிட்டாலும் நாளைக்கு முடிவை நானே சொல்கிறேன் என்று நீ அவர்களிடம் சொன்னதும் எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை உன் குடி மரைக்கார் என்னிடம் வந்தார். பள்ளிவாசல் நிருவாகத்தில் உங்கள் தாய்வழிக் குடிக்காக இருந்த முதியவர். அவரும் இரண்டு பேரக்குழந்தைகளை அடக்கிவிட்டு வந்தவர். கடுமையாகப் பேசவில்லை.

"சேர், நீங்க படிச்ச மனிசன். இத்தாவில இரிக்கிற பொம்பளைகளுக்குக் காதல் கதையா வாசிக்கிற? ஊர் கதைக்கிது."

சொல்ல எனக்குப் பதில் இருந்தது. கையிலேயே இருந்தது. அந்த அறைக்கு அனுப்பிய சாப்பாட்டுப் பொட்டலங்கள் முதல் வாரம் பிரிக்காமலே திரும்பி வந்தன. நீ வாசிக்கத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஒன்றும் திரும்பவில்லை. நானே எழுதியது. கொப்பியைத் திறந்து காட்டினால் போதும். அவர் ஒத்துக்கொண்டிருக்கக்கூடிய மனிதர்.

"நான் நிப்பாட்டுறன் ஹாஜியார்," என்றேன். அதோடு விடவில்லை. "எனக்கும் அது புடிக்கல்ல."

இரண்டாவது வசனத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பிறகு தண்ணீர்த் தாங்கியடியில் உன்னிடம் வந்து புத்தகத்தைக் கேட்டேன். யார் சொன்னது என்று கேட்டாய். யார் சொன்னாலென்ன என்றேன். நீ ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, "மிச்சம் ஒரு நாள்தான் மச்சான்," என்றாய்.

"பொம்பளைகள்ர கதைதானே, விட்டா என்ன?"

நீ புத்தகத்தைத் தந்தாய். நான் அதை மரைக்காரிடம் கொடுத்தேன். ஏன் வரவில்லை என்று அந்த அறையிலிருந்து கேட்டனுப்பியபோது, உனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி அனுப்பியதும் நான்தான். நீ மறுத்துச் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற, கட்டாத தொண்டையோடு இரண்டு நாள் மெதுவாகப் பேசினாய்.

காலத்தில் பின்னுக்குப் போகிற நாவல்களும் இப்போது நிறைய வருகின்றன. அண்மையில் வாசித்த ஒன்றில் நாயகன் பழைய காலத்துக்குப் போய் ஒரு யுத்தத்தையே தடுத்துவிடுகிறான். பெரிய கற்பனைதான், சம்பவங்களை நன்றாகக் கோத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. யாருக்கு அவ்வளவு தூரமும் அவ்வளவு வேலையும் தேவைப்படும்? எனக்கு அந்த ஒரு காலைப்பொழுதும், அதில் திருப்பி எடுக்க மூன்று சொற்களும் போதும்.

யுத்தம் முடிந்த வருடம் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். வெளியே சந்தியில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். வெடிச் சத்தத்துக்கு நீ திடுக்கிடவில்லை. வாசிக்க ஒரு நாவல் வாங்கி வரச் சொன்னாய். நான் கடைக்குப் போனேன். உறையில் ஒரு பெண்ணும் ஒரு வாளும் போட்ட நாவலைக் கையிலும் எடுத்துவிட்டேன். அப்போது என் பழைய மாணவன் ஒருவன் வந்து ஸலாம் சொன்னான். நாவலை வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த கட்டுரைத் தொகுதியை வாங்கிக்கொண்டு வந்தேன். நீ அதைப் புரட்டிப் பார்த்து, "நல்ல புத்தகம் மச்சான்," என்று தலையணைக்குக் கீழே வைத்தாய். அன்றைக்குத்தான் நான் துணிந்து அந்த நிழல் இளவரசனின் முடிவைக் கேட்டேன்.

"ஒங்களுக்கு எதுக்கு மச்சான்? பொம்பளைகள்ர கதைதானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். மூன்றாம் நாள் உன் மௌத்து.

மையத்து வீட்டுக்குப் பல்கீஸ் வந்திருந்தார். அந்த எட்டுப் பேரில் ஒருவர். புருஷனோடு இளைய மகளையும் கடலுக்குக் கொடுத்தவர். நம் மகளிடம் அவர் கதைத்தது எனக்குக் கேட்டது. ராத்தா என்று அவர்கள் அழைத்த உனக்குத் தொண்டை சுகமான பிறகும் நீ வரவேயில்லை என்றும், தாங்கள் ஏதோ பிழை விட்டுவிட்டதாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டு இருந்ததாகவும் சொன்னார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அன்றும் சொல்லவில்லை. எத்தனையோ வருடமாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்களின் மனதில், நடுவில் கைவிட்டுப் போனவளாக நீ இருந்தாய். நான் அதோடு சேர்ந்து சோறு தின்றேன், தொழுதேன், நித்திரை கொண்டேன்.

நேற்று நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் பல்கீஸின் வீட்டுக்குப் போனேன். இப்போது மூத்த மகளின் வீட்டில் இருக்கிறார். கண்ணில் வெள்ளை விழுந்து எழுத்துத் தெரிவதில்லை. மகள் உள்ளே தையல் மெஷினில் இருந்தாள். நான் விறாந்தையில் உட்கார்ந்து, உன்னிடம் இப்போது சொன்ன அதே வரிசையில் சொன்னேன். மரைக்காரின் பெயரைச் சொல்லவில்லை. என்னைத்தான் சொன்னேன். நான் சொன்ன இரண்டாவது வசனத்தையும் சொன்னேன். தையல் மெஷின் நின்றுவிட்டது.

பல்கீஸ் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "ஒங்கட நிழல் புடவையில விழும் சேர்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அசருக்குப் பொறகு வெயில் அந்தப் பக்கந்தானே. நீங்க வந்து நிண்டா, கொப்பியும் கையுமாப் புடவையில அப்பிடியே தெரியும். 'இந்தா, இளவரசன் வந்திட்டாரு, தொடங்குங்க ராத்தா' எண்டு சொல்லித்தான் நாங்க சிரிக்கிற. அவவும் சிரிப்பா. நீங்க வராட்டி, கொஞ்சம் பொறுங்க, வருவாரு எண்டுவா."

அந்த நாட்களில் அவர்கள் சிரித்தார்கள் என்பதே எனக்குத் தெரியாது. அதுவும் என்னைப் பார்த்து. நீயும் அவர்களோடு.

"ஆம்புள ஒருத்தர் இத்தாத் திரைக்கிட்ட வந்து நிக்கிறாரு எண்டு நாங்க ஒருத்தரும் மரைக்காருக்குச் சொல்லல்ல சேர்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எட்டுப் பெண்கள், எல்லாம் இழந்துவிட்டுச் சுவரோடு சாய்ந்திருந்தவர்கள், பன்னிரண்டு நாள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள். பொருந்திக்கொள்ளுங்கள் தங்கச்சி என்று மன்னிப்புக் கேட்டேன். எனக்கு ஒன்றுமில்லை, மற்றவர்களில் இன்னும் மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுக்கும் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். ஓம் என்றேன். இரண்டு பேர் கிட்டத்தான், ஒருவர் ஒலுவிலில். முகவரிகளை மகள் எழுதித் தந்தாள்.

எழும்பப் போகும்போது பையில் என்ன என்று கேட்டார். இலக்கண நூலைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். மாயக்கதை, கடலுக்கடியில் ஒரு நகரம், அதன் இளவரசி விரலை உயர்த்தினால் அலை எழும்பி ஊரை மூடும், விரலை மடக்கினால் தண்ணீர் வடிந்து, மூழ்கியவர்கள் நனைந்த உடுப்போடு எழும்பி வீட்டுக்குப் போவார்கள். நூலகத்திலேயே இருந்து வாசித்த இடம்வரை எனக்குக் கோபம்தான் என்றேன். எழுதியவர் கடல் வந்ததைக் காணாதவர், அப்படி ஒருவரும் எழும்பி வருவதில்லை, எழுத்துக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா என்று, வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனேன்.

"கதையிலயும் மௌத்தாத்தான் போகணுமா சேர்?" என்றார் பல்கீஸ். "அந்த இடத்த வாசிங்க, பாப்பம்."

நாற்பது வருடம் படித்துப் படிப்பித்து நான் சேர்த்துவைத்த அபிப்பிராயத்துக்கு அதற்கு மேல் நிற்கச் சக்தி இருக்கவில்லை. பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். தண்ணீர் வடிகிற இடம். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பி, தலையில் ஒட்டிய பாசியைத் தட்டுகிற இடம். பல்கீஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உள்ளே மகள் மெஷினைத் தொடவில்லை.

நடுவில் தெருவால் நான்கைந்து பேர் தொழுகைக்குப் போனார்கள். எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் என் குரல் தானாகத் தாழ்ந்தது. எவ்வளவு தாழ்ந்ததென்றால், நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை.

உனக்குப் பிறகு என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். உன் புத்தகம் இல்லை, அதன் முடிவும் இல்லை. ஆட்கள் வரும்போது தாழ்ந்துவிடுகிற இந்தக் குரல்தான் இருக்கிறது. ஒலுவிலுக்கும் இதையே கொண்டுதான் போக வேண்டும்.

"கேக்கல்ல சேர்," என்றார் பல்கீஸ். "சத்தமா."

பந்தியின் முதல் வரிக்குப் போய் மறுபடி வாசித்தேன்.