உப்புக்குக் காத்திருக்கும் சாம்பார்

உப்பு போடாத சாம்பாருக்குத் தனி வாசனை உண்டு. பருப்பும் பெருங்காயமும் வெந்து முடிந்து, இன்னும் எதற்கோ காத்துக்கொண்டிருக்கிற வாசனை. இன்று காலை பெருங்குடிக் கடையில் அது ஆவியோடு எழுந்தபோது, அந்தப் பக்கம் நீ நிற்கிறாய் என்றே நினைத்துவிட்டேன். போய்ச் சேர்ந்த பிறகும் அடுப்படியை விடமாட்டாயா நீ?

கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் உன் வீடும் என் வீடும் ஒட்டி இருந்தன. நாம் பாத்திரம் தேய்த்த பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் ஏஜென்சி மூலம் ஆள் வைத்துக்கொண்டார்கள். தெருவில் பாதிப் பெண்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தோம். "ஆபீஸ்ல கீறவங்களுக்குப் பசிக்காதா இன்னா?" என்று நீதான் எங்களைக் கிளப்பி இந்த இட்லிக் கடையைப் போட வைத்தாய். முதலாளி கிடையாது. எல்லாரும் பங்கு.

முதல் நாள் கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவரவர் வீட்டு அடுப்புக்கு அவரவரே ராணி. ருசி பார்த்து எச்சில் பண்ணக் கூடாது என்ற பழக்கம் வேறு. அண்டாவைக் கடந்துபோன ஒவ்வொருத்தியும், மற்றவள் மறந்திருப்பாள் என்று ஒரு கை உப்பை அள்ளிப் போட்டிருக்கிறாள். முதலில் சாப்பிட்டவர் தண்ணீரைத் தேடி ஓடினார். மறுநாள் நீ சட்டம் போட்டாய்.

"இனிமே கடைசியா வர்றவதான் உப்பு போடணும். அவ வர்ற வரைக்கும் யாரும் கை வெக்காதீங்க."

விளையாட்டு என்றுதான் நினைத்தோம். பிறகு ஆற்றோரத்தைக் காலி செய்தார்கள். உனக்குச் சைதாப்பேட்டையில் வாடகை வீடு அமைந்தது. எனக்கும் இன்னும் சிலருக்கும் ஊர்க்கோடியில் அரசாங்கம் ஒதுக்கிய மாடி வீடு. பஸ் வந்தால் உண்டு. ஒரு நாள் ரொம்பவே தாமதமாக வந்து, இனி நமக்குச் சரிப்படாது என்ற முடிவோடு வாசலில் தலைகுனிந்து நின்றேன். தட்டோடு ஆட்கள் காத்திருந்தார்கள். நீ திட்டவில்லை.

"இன்னாமே அங்கயே நிக்கிற? உனக்காகத்தான் கொதிச்சிக்கினு கீது, வா."

அந்த ஆவிக்குள் நின்று அழுதேன். ஆற்றுப் பனியில் நம் தெரு மறுபடி மிதந்து வந்தது மாதிரி இருந்தது. எல்லா வீட்டு விளக்கும் எரிந்தது, எல்லாரும் இருந்தார்கள்.

இன்று ஓர் ஆபீஸ் மேனேஜர் வந்தார். ஆபீஸில் அத்தனை பேருக்கும் காலை டிபன் நம்மிடமே வாங்குவாராம். "ஆனா தூரத்துல இருந்து வர்றவங்கள நிறுத்திடுங்கம்மா, லேட் ஆகுது. பக்கத்துல ஆளுங்கள கூலிக்கு வெச்சிக்கங்க" என்றார். எவ்வளவு பெரிய ஆர்டர்! எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கும் ஆசை இருந்தது, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்?

"இங்க கூலிக்கு யாரும் இல்ல சார். தூரத்துல கீறவங்களும் பங்குக்காரங்கதான்" என்றேன்.

அவர் வந்த வழியே போய்விட்டார். இனி வருவாரோ, மாட்டாரோ. எனக்கு உன்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. இந்தப் பேச்சை என் வாயில் வைத்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே.

அப்போது பஸ் வந்து நின்றது. நம்மில் வெகுதூரத்தில் குடியிருக்கும் செல்வி இறங்கினாள். எங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவரத் தொடங்கினாள். இருந்த குரலையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"ஓடாதமே! மெதுவா வா, நாங்க கீறோம்!"