நீலத் தண்ணீர் பழுக்காது

அன்பு மகன் வஜ்திக்கு உன் அம்மா எழுதுவது. குவைத் வெயில் உன்னை வாட்டாமல் அல்லாஹ் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. முதலில் என் வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் உன் அப்பாவைத் தந்தா நகரத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், பெரிய ஊராயிற்றே என்று கண்ணுக்குப் பட்டையாக மை தீட்டிக்கொண்டு போனேன். அங்கே டாக்டரம்மா பேசப் பேச நான் அழுது, மை கழுத்துவரை வழிந்துவிட்டது. நர்ஸ் பஞ்சை நீட்டி, "நோயாளி யாரும்மா, நீயா அவரா?" என்று கேட்டாள். ஏன் அழுதேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் உன் அப்பா பிடுங்கி "நான் சிங்கம் மாதிரி இருக்கேன்டா" என்று கத்துவார். இப்போதுகூட வாத்துகளைப் பற்றி எழுதுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு இடது கண் மங்கியபோது நம் ஊர் டாக்டர் நீலத் தண்ணீர் என்று சொல்லி, சொட்டு மருந்து கொடுத்து, மாதாமாதம் வரச் சொன்னார். மருந்து எரிகிறது என்று அப்பா பாட்டிலை ஜன்னலில் வைத்தார், அது அங்கேயே காய்ந்தது. பக்கத்து வீட்டு ஸன்னியா வந்து, "தண்ணி இறங்கினா பழுக்கணும்டி, பழுத்ததும் எடுத்துடுவாங்க, எனக்கு அப்படித்தானே எடுத்தாங்க" என்றாள். அவளுக்கு இறங்கியது வெள்ளைத் தண்ணீர் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கொய்யாவைப் பார்ப்பதுபோல வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கண்ணைப் பார்த்து, "என்னய்யா, இன்னும் காயாவே இருக்கே" என்று கேலி செய்தேன். அவரும் சிரிப்பார். இதற்கிடையில் பக்கவாட்டில் சலாம் சொன்னவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை, படகுக்கார ஷஹாத்தாவுக்குத் திமிர் வந்துவிட்டது என்று ஆற்றங்கரையில் பேச்சு. அவர் பார்க்கவே இல்லையடா. போன மாதம் பரிசலைக் கொண்டுபோய்த் துறைக்கம்பத்தில் மோதினார், அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டாக்டரம்மா கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கண்ணில் தேங்குகிறது என்று அந்தக் காலத்தில் நினைத்தார்களாம், அதனால் ரெண்டுக்கும் தண்ணீர் என்றே பெயர். வெள்ளைத் தண்ணீர் என்கிற புரையில் கண்ணுக்குள் இருக்கும் வில்லை அவித்த முட்டைபோல வெளுக்கிறது, அதை மாற்றிவிடலாம். நீலத் தண்ணீரில் உள்ளே அழுத்தம் கூடி நரம்பை நசுக்கிவிடும், போன பார்வை திரும்பாது. ஒரு காலத்து வைத்தியர்களுக்குக் கண்பாவை கடல் நிறமாகத் தெரிந்ததாம், அதைத்தான் யவனர்கள் கிளௌகோமா என்றார்களாம், நாம் நீலம் என்கிறோம். "இது பழுக்கவே பழுக்காதும்மா, காத்திருக்கக் காத்திருக்கப் போய்க்கிட்டேதான் இருக்கும்" என்றார். இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் சாவித்துவாரம் அளவுக்கு மிச்சம். திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் உன் அப்பா, "இனிமே சாப்பிடறப்ப பக்கத்துல உக்காராதே, எதிர்ல உக்காரு, அங்கே இருந்தாதான் தெரியறே" என்றார். முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது எதிரில் உட்காருகிறேன்.

இது ரத்தத்தில் வருமாம், பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமாம். நீ லாரி ஓட்டுகிறவன். வலிக்காது, முதலில் மங்கக்கூட மங்காது, தெரியாமலே திருடிவிடும். நல்லாத்தானே இருக்கேன் என்று அவரைப்போல நீயும் சொல்லாதே. அந்த நோயின் பெயரை டாக்டர் சீட்டில் பார்த்து அந்நிய எழுத்தில் வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன், எட்டு எழுத்தில் ஒன்றை நான் விட்டுவிட, டாக்டரம்மா மேலே சொருகித் தந்தார். அதைக் காட்டி அழுத்தம் அளக்கச் சொல், காற்றை ஊதி அளப்பார்கள், வலிக்காது. அளந்த நம்பரை எனக்கு எழுதினால்தான் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும், உன் கண்களை அல்லாஹ்விடம் ஒப்படைக்கிறேன். சம்பள நாள் வரைக்கும் தள்ளிப்போடாதே, இந்த வாரமே போ.

இப்படிக்கு, உன் அம்மா, உம்மு வஜ்தி.

உன் அப்பாவும் கையெழுத்துப் போடுவேன் என்று பேனாவை வாங்கினார். காகிதத்துக்கு நாலு விரல் தள்ளி மேசைவிரிப்பில் அழகாகப் போட்டுவிட்டு, மை காயட்டும் என்று ஊதினார். மேசைவிரிப்பைத் தபாலில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் என் பெயர் மட்டும் இருக்கிறது.