நாம் மாற்றி எழுதிய முடிவு

நண்பா,

நாளைக் காலை எனக்கு டவுனில் குடியுரிமை விசாரணை. அதற்கான காகிதங்களைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் அந்த முன்னட்டை இல்லாத இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது. எடுத்ததும் வனிலா வாசம். இத்தனை வருஷம் கழித்தும் உன் குசினியின் சமையல் வாசம் போகவில்லை. பாதிப் பக்கங்களில் நெய்க்கறை. பெட்டியை மூடாமலே உட்கார்ந்துவிட்டேன்.

ஊருக்குப் போன வெள்ளைத்துரையின் பழைய புத்தகங்களை அடுப்பெரிக்கச் சொல்லி உன்னிடம் கொடுத்தார்கள். பங்களா சமையல்காரனான உனக்கு இங்கிலீஷில் புட்டிங்கும் ரோஸ்ட்டும்தான் தெரியும். "வாத்தியாரே, எரிக்கிறதுக்கு முன்னாடி இதுல என்னா எழுதியிருக்குன்னு ஒரு தடவ சொல்லிரு, பாவமா இருக்கு" என்று தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்தாய்.

படித்துத் தமிழில் சொன்னேன். எங்கோ, இனிமேல் வரப்போகிற ஒரு நகரம். அங்கே மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். விடிந்ததும் வரிசையில் நின்று, தாங்கள் இருப்பதை ஒரு காவலாளியிடம் நிரூபிக்க வேண்டும். கடைசியில் ஒருவன், 'நான் இல்லை' என்று எழுதிய தாளில் தலைகுனிந்து கையெழுத்துப் போடுகிறான். எழுதியவன் பயங்கரமான கற்பனை என்று நினைத்துத்தான் எழுதியிருப்பான். நீ அசரவில்லை. "இதுல என்னா பயம்? தெனம் காலையில பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேரு குடுக்க நாங்க நிக்கிறதுதான. இங்க பேரு சொல்லிக் கூப்புடுறாங்க, அம்புட்டுதான்" என்றாய்.

பாட்டன் காலத்திலிருந்து இந்தச் சிலோன் மலையில் தேயிலைக்கு உழைத்துக் கிடந்தவர்களெல்லாம் ஒரு சட்டத்தால் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆகியிருந்த காலம் அது. தொழிலாளர் லயத்தில் வீட்டுக்கு வீடு குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். "அவன் பயமுறுத்திட்டான். நாம திருவிழாவுல நாடகமாப் போட்டு சிரிக்க வைப்போம்" என்றாய். நகரத்தைத் தோட்டமாக்கினோம். அந்தக் காவலாளிக்கு மூக்குக்கண்ணாடி மாட்டி விசாரணை அதிகாரி ஆக்கினோம். யாரோ யாருக்கோ தைத்த சட்டை, கையைக் கொஞ்சம் மடித்ததும் நமக்கு அப்படியே பொருந்தியது.

"நீ பொறந்தத நேர்ல பாத்த சாட்சி எங்க?" அதிகாரிக்கு நான் எழுதிய வசனம் இது. இப்படிக்கூடக் கேட்பார்களா, ரொம்ப மிகையோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "எங்கம்மா இருந்தாங்க சாமி. ஆனா வலியில கண்ண மூடிக்கிட்டாங்களாம்" என்பது உன் பதில்.

முடிவில்தான் சண்டை வந்தது. புத்தகத்தில் இருக்கிறபடி கையெழுத்துப் போடட்டும் என்றேன். நீ அடுப்புக்கரியை எடுத்துக் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் 'இது வேணாம்' என்று எழுதினாய். "நம்ம ஆளு சிரிக்கட்டும் வாத்தியாரே. சிரிக்கிறவன என்னா பண்ணிருவாங்க?" மாரியம்மன் திருவிழா மேடையில் அதிகாரி பேனாவை நீட்ட நீட்ட நீ சிரித்தாய். லயத்துச் சனம் முழுக்கக் கண்ணில் நீர் வரச் சிரித்தது.

உன் விசாரணைக்கு நான்தான் சாட்சி. அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டார். யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்: "நீ பிறந்ததைக் கண்ட சாட்சி ஆரும் இருக்கினமோ?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பார்த்திருக்கக் கூடாது. நானும் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். என் உதடு துடித்ததைக் கண்டதும் உனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மேடையில் சிரித்த அதே சிரிப்பு. அடக்க அடக்க வந்தது. அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

மறுத்து வந்த கடிதத்தில் வேறு காரணம் எழுதியிருந்தது. உனக்குப் பிறப்புப் பதிவு இல்லையாம். இருக்கலாம். ஆனால் பதிவில்லாத வேறு இரண்டு பேருக்கு அதே வருஷம் கிடைத்தது. எனக்கு அது ஆறவே இல்லை. அந்த வசனம் என்னுடையது. உங்களை இந்தியாவுக்கு அனுப்பிய அன்று, நானுஓயா ஸ்டேஷனில் பிள்ளைகளையும் பெட்டிகளையும் ஏற்றிவிட்டு, "சாட்சி சொல்ல வந்த ஆளு, மொகத்த ஒழுங்கா வச்சிருக்கலாம்ல" என்று என் தோளில் தட்டினாய். அதற்கும் நீதான் சிரித்தாய். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

திருச்சிப் பக்கம், நீ அதுவரை பார்த்தே இராத உன் பாட்டன் ஊரிலிருந்து, உன் மனைவியின் கடிதம் ஒன்று வந்தது. "காய்ச்சல்ல போயிட்டாங்க அண்ணே. இங்க கடைசி வரைக்கும் அவுங்கள சிலோன்காரன்னுதான் கூப்புட்டாங்க."

நாளை அதே கட்டிடம். "அங்க போயி சிரிச்சுத் தொலைச்சுறாதீங்க. ரெண்டு புள்ளைங்க இருக்கு நமக்கு" என்கிறாள் என் மனைவி. எனக்கும் அந்தப் பயம்தான். நீ மாற்றிய முடிவு எனக்குக் கட்டுப்படியாகாது. பழைய புத்தகத்து மனிதனாகத்தான் போகப் போகிறேன், தலையைக் குனிந்துகொண்டு.

ஆனாலும் நீ கரியால் எழுதியதை அழிக்கவில்லை. உன் வசனம் ஒன்றுகூட மறக்கவும் இல்லை. சற்று முன் கண்ணாடி முன்னால் நின்று, அந்தக் கேள்வியை என்னை நானே கேட்டுப் பார்த்தேன். உன் பதிலையும் உன் குரலிலேயே சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். சிரிப்பு வரவே இல்லை. எனக்குக் கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.