பேசாது என்று நீ சொன்ன வழிகாட்டி

மச்சான்,

உன் வழிகாட்டிக் கருவியின் பையைத் திறந்தாலே, முழங்காலுக்கு நீ தேய்க்கும் தைலத்தின் வாசனை வருகிறது. இன்று காலையிலிருந்து கிள்ளானில் மழை. மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்க முடியவில்லை. கருவியை மேசைமேல் வைத்துத் துடைத்துவிட்டு, பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தேன். இது என் கையால் நான் எழுதும் முதல் கடிதம். அறுபத்தொன்பது வயதில். ‘மச்சான்’ என்று எழுதி முடித்ததும் எழுந்துபோய் ஒரு கோப்பி கலக்கிவந்து, அந்த நாலு எழுத்தையும் பார்த்துக்கொண்டே குடித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சந்தோஷத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தாலேயே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். அதையும் சொல்லாமல் முடியாது.

துறைமுகக் கிடங்கில் நீ கணக்கெழுதும் கிராணி, நான் மூட்டை தூக்குகிறவன். மூட்டையில் எழுதியிருக்கும் ஊரைப் படிக்காமல், சாக்கின் நிறத்தை வைத்து அடுக்குகிறேன் என்று முதலில் கண்டுபிடித்தவன் நீ. நிறம் மாறி வந்த ஒரு நாளில் நான் திகைத்து நின்றபோது, காகிதத்தோடு பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், “இது ஈப்போ, அது தைப்பிங்” என்று சொல்லிவிட்டுப் போனாய். அதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் உன்னை நம்ப ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் வாங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பார் போனோம், கோலசிலாங்கூர் போனோம். அப்புறம் குவாந்தான், கிரிக் மலைச்சாலை, கோத்தா பாரு. நீ முன்னால், நான் பின்னால். அறிவிப்புப் பலகை எல்லாம் உன் பாடு. நீ இடது காலை வெளியே நீட்டினால் இடப்பக்கம், வலது காலை நீட்டினால் வலப்பக்கம். உன் கால் சப்பாத்துதான் எனக்குப் பலகை. “கடைசி வண்டி முதல் வண்டிய முந்தக் கூடாது லா. அதான் ரோட்டு மரியாத” என்பாய். இருந்ததே இரண்டு வண்டி. அதில் எப்போதும் கடைசி வண்டி நான்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. உனக்கும் அது தெரியும். ஒரே ஒரு தடவை, கோத்தா பாரு வரைக்கும் நான் முன்னால் போக வேண்டும். நீ பின்னால் வர வேண்டும். நான் காலை நீட்ட, நீ திரும்ப வேண்டும்.

வழி காட்டும் கருவி வந்திருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, உன்னிடம் வந்து பேச்செடுத்ததே நான்தான். கைப்பேசியே போதாதா என்றேன். நீ விரலை மடக்கி மடக்கி விளக்கினாய். “வெயில்ல அது சூடாகி அணைஞ்சிரும். வண்டி ஆட்டத்துல கேமரா கெட்டுப்போகும். கிரிக் மலையில லைனே கெடைக்காது. மழ தாங்கணும், கையுறையோட தொட்டா கேக்கணும், நடு வெயில்ல படம் தெரியணும். வண்டி பேட்டரியிலயே ஓடணும். அப்படி ஒன்னா பாத்து வாங்கணும், மச்சான்.” மூன்று வாரம் எதை எதையோ படித்தாய். நான் காத்திருந்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடித்துவிட்டு, கோலாலம்பூரில் ஒரு மோட்டார் சாமான் கடைக்குப் போனோம். கடையிலிருந்த சீன இளைஞன் நாலு கருவிகளை எடுத்து வைத்தான். நீ ஒன்றின்மேல் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டாய். அவன் சிரித்துக்கொண்டே ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். என் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு திரையைத் தட்டினாய். கடைக்கு வெளியே வெயிலில் தூக்கிப் பிடித்தாய். எல்லாவற்றிலும் தேறியது ஒன்று, இப்போது என் மேசைமேல் இருப்பது. அப்போது அந்த இளைஞன் என் முகத்தைப் பார்த்து, “அங்கிள், மெசின் இனி பொலே...” என்று ஆரம்பித்தான். இந்த மெஷினால் முடியும் என்று எதையோ சொல்ல வந்தான். நீ உடனே குறுக்கே கையை நீட்டினாய். “தாக் பயா, தாக் பயா.” வேண்டாம், வேண்டாம்.

“என்னடா சொல்ல வந்தான்?” என்று கேட்டேன்.

“கவர் விக்கப் பாக்கறான் லா.”

“இது பேசுமா? வழிய வாயால சொல்லுமா?”

“பேசாது மச்சான். படம்தான், எழுத்துதான். ஒனக்கு ஒத்து வராது. என் வண்டியில மாட்டிக்கறேன். நீ பின்னால வா.”

முகத்தில் ஒரு சின்ன வருத்தம் வைத்துக்கொண்டு சொன்னாய். எனக்காக நீ வருத்தப்படுகிறாய் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில், என்னைப் போல ஆட்களுக்கு ஒரு கருவி செய்யவில்லையே என்று செய்தவர்களைத் திட்டிக்கொண்டே உன் பின்னால் வந்தேன்.

டெங்கில் ஊர்ப்பக்கம் ஒரு மத்தியானம் ஞாபகம் இருக்கிறதா? கருவியைக் குனிந்து பார்த்துக்கொண்டே போய், திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டாய். அடுத்த திருப்பத்தில் நீ இடது காலை நீட்டினாய். அது தார் ரோடு இல்லை, செம்பனைத் தோட்டத்து மண் பாதை. தப்பு என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் முந்தவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. உன் பின்னாலேயே வந்தேன். இரண்டு வண்டியும் சேற்றில் புதைந்து நின்றன. பழம் ஏற்றும் லோரிக்காரர்தான் இறங்கி வந்து தள்ளிவிட்டார். “ரெண்டு பேருக்கும் கண்ணு இல்லையா அண்ணே?” என்று கேட்டார். “எனக்குக் கண்ணு இருக்கு, இவனுக்குத்தான் இல்ல” என்று என்னைக் காட்டினாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அது மாதிரி எத்தனை தடவை வழி தவறினாய். குனிந்து குனிந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்பாய். அப்போதும் நீ அதைத் திறக்கவில்லை.

எதைத் திறக்கவில்லை என்று உனக்குத் தெரியும்.

நீ போய்ச் சேர்ந்து, உன் காரியம் முடிந்த பிறகு, உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, இந்தப் பையை என் கையில் கொடுத்தாள். “அண்ணே, இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு.” வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன். படிக்கத் தெரியாதவனுக்கு இது எதற்கு? ஆனால் நீ இல்லாத வீதியில் ஒவ்வொரு பலகையும் என்னை வெளியூர்க்காரனைப் போலப் பார்த்தது. அந்த வெட்கத்தில்தான் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். டீச்சருக்கு என் மகள் வயது. முதலில் தமிழ், அப்புறம் மலாய் எழுத்து. என் பெயரை எழுதிய அன்று அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் திரிந்தேன். பாசாரில் மீன்காரரிடம்கூட எடுத்துக் காட்டினேன். “நல்லா இருக்கு அண்ணே, மீன் வேணுமா வேணாமா?” என்றார்.

ஒரு சனிக்கிழமை, வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவந்து படியுங்கள் என்றார் டீச்சர். நான் உன் பையைக் கொண்டுபோனேன். அதில் கருவியோடு வந்த சின்னக் கையேடு இருந்தது, மலாயில். விரல் வைத்துப் படித்தேன். சு. வா. ரா. சுவாரா. குரல்! படித்துவிட்டேன் என்று கத்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வரியையும் படித்தேன். பஹாசா மெலாயு. மலாய் மொழி. அதற்கு அடுத்த வரி, குரலைத் திறக்க எதைத் தொட வேண்டும் என்று சொன்னது.

“என்னாச்சு அங்கிள்? நல்லாத்தானே படிச்சீங்க. ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு?” என்றார் டீச்சர்.

கருவியை வாசலில் நின்ற என் வண்டிக்கு எடுத்துப்போய், அதன் பேட்டரியில் மாட்டினேன். கையேட்டில் இருந்தபடி ஒவ்வொன்றாகத் தொட்டேன். குரல் அடைத்து வைக்கப்பட்டிருந்தது. திறந்தேன். வீட்டுக்கு வழி கேட்டேன். ஒரு பெண் குரல், தெளிவாக, “பெலோக் கிரி” என்றது. இடப்பக்கம் திரும்பு.

மச்சான், அந்த மொழியை நான் பிறந்ததிலிருந்து பேசுகிறேன். எழுத்துத்தான் தெரியாது, காது இருந்தது. அந்தப் பெண் இத்தனை வருஷமும் உன் வண்டிக்குள் வாய் மூடி உட்கார்ந்திருந்தாள். சிவப்பு விளக்கில் பக்கத்தில் வந்து நிற்கும்போது எனக்குக் கேட்டுவிடும் என்றுதானே அடைத்து வைத்தாய்? அதற்காகச் சேற்றில் புதைந்தாய், கழுத்து வலியைத் தாங்கினாய். எனக்குக் கண் இல்லை என்று லோரிக்காரரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாய்.

நேராக உன் வீட்டுக்குப் போய்த் தங்கச்சியிடம் கேட்டேன்.

“அவருக்கு ஓட்டறப்பவே தல சுத்தும் அண்ணே. ஒரு தடவ பூச்சோங் போற வழியில தனியா விழுந்து கெடந்திருக்காரு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ‘அவன் பின்னால வந்தா எனக்குப் பயமில்ல, அவனுக்கு வழி தெரிஞ்சிட்டா என்னை விட்டுட்டு முன்னால போயிருவான்’னு சொல்வாரு.”

“நான் போயிருவேனா, தங்கச்சி?”

“நீங்க போக மாட்டீங்க. அவருக்குத்தான் அது தெரியல.”

என் ரகசியத்தை நீ காப்பாற்றினாய். உன் ரகசியத்தை என்னிடம் கொடுக்க உனக்கு மனசு வரவில்லை. விழுந்தால் தூக்க ஆள் வேண்டும், பின்னால் வா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், காலம் முழுக்கப் பின்னாலேயே வந்திருப்பேன். முன்னால் போகும் ஆசையை அன்றைக்கே விட்டிருப்பேன். நீ கேட்கவில்லை. பொய் சொல்லி என்னைப் பின்னால் வைத்துக்கொண்டாய். கருவியை மட்டும் எனக்கே விட்டுப் போயிருக்கிறாய். நான் ஒருநாள் படிப்பேன் என்று நினைத்தாயா, படிக்கவே மாட்டேன் என்று நினைத்தாயா? இரண்டில் எது என்று கேட்க நீ இல்லை. அதுதான் ஆறவில்லை.

போன மாதம் கோத்தா பாருக்குப் போனேன். தனியாக. வழியெல்லாம் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன், பைத்தியக்காரன் மாதிரி. கிரிக்கில் பெரிய பச்சைப் பலகை வந்தது. கோத்தா பாரு என்று அந்தப் பெண் சொல்வதற்கு முன்பே நான் படித்துவிட்டேன். அவள் பிறகுதான் “பெலோக் கானான்” என்றாள். ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். முன்னால் சப்பாத்து இல்லை. நான்தான் முதல் வண்டி.

திரும்புவதற்கு முன், வலது காலை நன்றாக வெளியே நீட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ரோடு காலியாக இருந்தது. ஆனாலும் திருப்பம் முடியும்வரை காலை மடக்கவில்லை.