இடது தோளில் மூன்று மடிப்புக் கம்பளி

மார்வுட், பென்சில்வேனியா
30 அக்டோபர் 1933, திங்கள்

அன்பு மகன் மெரிட்டுக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், உடம்பளவில் என்று ஏன் போட்டேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும். நீ அந்த ஆரிகன் மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. உன் போன கடிதத்தின் கவர் ஓரம் பிரித்து ஒட்டினமாதிரி இருந்தது, நீ வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரி ஆவியில் காட்டிப் பிரித்துப் படிக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம், ஒரு கண் வைத்துக்கொள். இங்கே பால்காரன் தண்ணீர் கலக்கிறான், கேட்டால் இலை உதிர்கிற காலத்தில் மாடு அப்படித்தான் கறக்குமாம், அவன் மாட்டுக்கு மட்டும் தனிச் சட்டம் போலிருக்கிறது. நான் ஒரு சந்தேகப் பிராணி என்று நீயும் அப்பாவும் சேர்ந்து சிரிப்பது எனக்குத் தெரியும், சிரியுங்கள், ஆனால் இந்தத் தடவை முழுவதையும் படித்துவிட்டுச் சிரி.

உன் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு ஒவ்வொரு ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன்னாலும் அப்பா 1908-ல் ப்ரெண்டிஸ் கல்லூரியை எதிர்த்துப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை அவர் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார், எடுத்து எடுத்துப் படித்து மடிப்பு கிழிந்துவிட்டது. நானும் பெருமையில் அப்படி வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த ஆட்டத்துக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிறது என்று கல்லூரியில் இந்தச் சனிக்கிழமை விழா வைத்திருந்தார்கள், அன்று ஆடியவர்கள் பழைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் நடக்க வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெட்டிக்குள் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த ஜெர்சியை எடுத்து வெயிலில் போட்டேன், பழுப்பு நிறம் மங்கினாலும் கையில் கடுகு நிறப் பட்டைகள் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன, நெஞ்சில் பந்து வழுக்காமல் இருக்கத் தைத்த கித்தான் துண்டுகள்கூட விடவில்லை. அந்தக் கம்பளியின் கனத்தைப் பார்த்தால் இப்போதைய பிள்ளைகள் அழுதுவிடுவார்கள்.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை ஒருத்தன் வந்து கதவைத் தட்டினான். ஐம்பதை ஒட்டிய வயது, தூண் மாதிரி உடம்பு, இரண்டு இடத்தில் முறிந்து சேர்ந்த மூக்கு, முகத்துத் தோலுக்குள் கரித்தூள் நீலமாகப் பதிந்திருந்தது, சுரங்கத்து ஆள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மத்தூஷ் ஹூதாக் என்று பெயர் சொன்னான். தொப்பியைக் கழற்ற இடது கையைத் தூக்கினான், அது தோளுக்கு மேல் போகவில்லை, வலது கையால் கழற்றினான். உன் அப்பாவுக்கு அவனைப் பார்த்ததும் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவனைப் பின்னால் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போய் அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தார். யாருங்க அதுன்னு கேட்டால், வெங்காய விதை வாங்க வந்தான் கஸ்ஸி என்கிறார். அக்டோபர் கடைசியில் எந்தக் கிறுக்கன் வெங்காய விதை வாங்குவான், அதுவும் விதைக்கடையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து? நான் கேட்காமலே, எனக்கு அவனை முன்னே பின்னே தெரியாதும்மா என்று வேறு சொன்னார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதை. இவன் ஏதோ ஒன்றை வைத்து அப்பாவை மிரட்டுகிறான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன், வெள்ளிக் கரண்டிகளை எடுத்து என் மெத்தைக்கு அடியில் வைத்தேன்.

வியாழக்கிழமை மறுபடி வந்தான், அப்பா கடையில் இருந்தார். வாசலோடு அனுப்பிவிடலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் அவனிடம் இரண்டு வார்த்தை பிடுங்கலாமே என்று உட்காரவைத்துக் காப்பியும் ஆப்பிள் பழக்கூழ் தடவின ரொட்டியும் கொடுத்தேன். தின்றான், நல்லா இருக்கும்மா என்றான், அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அந்த ஜெர்சிய ஒருதரம் பாக்கலாமாம்மா, தொடக்கூட வேணாம், பாத்தாப் போதும்னான். சரி, கொடுத்துப் பார்ப்போம், என்ன செய்கிறான் என்று கொண்டுவந்து மேஜை மேல் போட்டேன். பார்த்தால் போதும் என்றவன் கை தானாகக் கழுத்து வழியாக உள்ளே போய் நேராக இடது தோளுக்குப் போனது, கண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, விரல் மட்டும் உள்ளே எதையோ தடவுகிறது. அவன் கண் கலங்கியிருந்தது. நடிக்கிறான், உள்ளே எதையோ ஒளித்து வைத்திருக்கிறான் என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது.

அவன் போனதும் ஜெர்சியை உள்பக்கம் புரட்டினேன். இடது தோளில் மட்டும் மூன்று மடிப்புக் கம்பளித் துணியை வைத்து யாரோ கோணல் மாணலாக, ஆண்பிள்ளைத் தையல், தைத்திருக்கிறார்கள். முறிந்த தோள் எலும்புக்கு முட்டுக்கொடுக்கிற தையல் அது. மெரிட், கல்யாணம் ஆகி இருபத்து நாலு வருஷமாக மழைநாள் தோறும் ப்ரெண்டிஸ் ஆட்டத்துக்கு முன்னால் உடைந்த தோள் வலிக்கிறது என்று உன் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவார், நான் தைலம் போட்டுத் தேய்ப்பேன். நான் தேய்ப்பது வலது தோள்.

அதற்குமேல் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கடைக்குப் போய், அந்த ஓட்டத்துக்காகவே அப்பாவுக்கு அந்த வேலையைக் கொடுத்த முதலாளி கல்லாவுக்கு மேல் மாட்டிவைத்திருக்கிறாரே, அந்த ஆட்டத்து அணியின் படம், அதற்கு முன்னால் நின்றேன். எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், ஆனால் பார்க்கவில்லை. பதினோரு பேர், எல்லோருக்கும் மண்டைக்குத் தலையணை மாதிரி வளர்த்த முடி, பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை, அந்தக் கால வழக்கப்படி ஒருவர் ஜெர்சியிலும் எண் கிடையாது. பத்துப் பேருக்கு ரப்பர் மூக்குக் காப்பு கழுத்தில் தொங்குகிறது, எல்லா மூக்கும் மிதிபட்ட உருளைக்கிழங்கு. அப்பா என்று சொல்லப்பட்டவர் மட்டும் காப்பை முகத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். வெட்கம் கஸ்ஸி என்று எனக்குச் சொல்லியிருந்தார். ஊசி மாதிரி நேராக இருக்கிற மூக்கை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எப்படி இரண்டு வருஷம் ஆடினார் என்று எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லையே, பால்காரனைச் சந்தேகப்பட்ட புத்தி இதில் எங்கே போனதோ.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டில் கறித்துண்டை அவர் தட்டில் வைத்துவிட்டு, எந்தத் தோளுங்க உடஞ்சுதுன்னு கேட்டேன். கை வலது பக்கம் போனது, பாதியில் நின்றது. பிறகு எல்லாம் வந்துவிட்டது. அணியில் பெயர் இருந்தது, ஆனால் களத்தில் இறக்கமாட்டார்கள், அத்தனை சுமார். ப்ரெண்டிஸ் ஆட்டத்துக்கு முன்னால் பந்தோடு ஓடுகிறவனுக்குக் கால் முறிந்தது. மாணவனாக இருந்தால்தான் ஆடலாம் என்பது விதி, அதனால் பயிற்சியாளர் சுரங்கத்திலிருந்து ஹூதாக்கைக் கூட்டிவந்து எல்ஸ்வொர்த் டேக் என்று உன் அப்பா பெயரிலேயே இறக்கிவிட்டார், முன்பே முறிந்திருந்த இடது தோளுக்கு அவனே துணி வைத்துத் தைத்துக்கொண்டானாம், அப்போ எல்லாக் காலேஜும் பண்ணினதுதான் கஸ்ஸி என்கிறார். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாதே, உன் அப்பாவை விடுதி அறையில் திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்திருந்தார். சத்தம் மட்டும் கேட்டதாம். ஆட்டம் முடிந்ததும் ஹூதாக்கைப் பால் வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு, அவன் வேர்வையும் சேறுமாக இருந்த ஜெர்சியை அப்படியே இவருக்கு மாட்டித் தெருவில் விட்டார்கள். ஊரே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. எறக்கிவிடச் சொல்ல வாயெடுத்தேன், அப்ப நீ கூட்டத்துல நின்னு என்னப் பாத்துச் சிரிச்சே கஸ்ஸி, அப்புறம் எப்படிச் சொல்வேன் என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை மெரிட். முதுகில் மூன்று பேர் தொங்க அவன் அந்தச் சேற்றில் ஓடினானே, அதைப் பார்த்துத்தான் நான் இவரைக் கட்டிக்கொண்டேன். எழுந்து போய் ஒரு கூடை உருளைக்கிழங்கை உரித்துத் தள்ளினேன். அவர் அழுதுகொண்டே, யாருக்கு வேணா சொல்லு, மெரிட்டுக்கு மட்டும் எழுதிடாதம்மா என்றார். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஹூதாக்குக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டேன், ஏனென்றால் எவனும் சும்மா வரமாட்டான். அவன் பெண்டாட்டி வெரோனா இத்தனை வருஷமாக அவனைப் புளுகன் என்கிறாளாம், கல்லூரிக்காக ஆடினேன் என்று வாயெடுத்தாலே விருந்தாளிகள் முன்னால் சிரிப்பாளாம். அவளிடம் ஒரு வார்த்தை உண்மை என்று சொல்லுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறான். அவ்வளவுதானா என்று இரண்டு தடவை கேட்டேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஜெர்சியை அப்பா கையில் கொடுத்து, நீங்களே ஹூதாக்குக்கு மாட்டிவிடுங்க, இல்லன்னா நான் மாட்டுவேன் என்றேன். வேலிக்குப் பக்கத்தில் நின்று மாட்டிவிட்டார், தொப்பையில் மாட்டிக்கொண்டது, இரண்டு பேரும் மூச்சுவாங்க இழுத்தார்கள். எல்ஸ்வொர்த் டேக் என்று கூப்பிட்டதும் ஹூதாக் நடந்து போனான், கூட்டம் குழம்பிப்போய்ப் பாதிக் கைதட்டலில் நின்றது. ஆனால் பழைய கேப்டன் டன்லேவி ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்து, எங்கடா போய்த் தொலஞ்சே இத்தனை நாளா என்று கத்தினார். விழாவுக்கு வந்திருந்த மற்ற ஐந்து ஆட்டக்காரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவர்களுக்கெல்லாம் ஆரம்பத்திலிருந்தே தெரியும். வருஷா வருஷம் நன்றிநாள் விருந்துக்கு வந்து, எல்ஸ்வொர்த், அந்த ஓட்டத்தச் சொல்லுப்பா என்று டன்லேவி கேட்பதும், கண்ணில் நீர் வரச் சிரிப்பதும், நான் சுட்ட பூசணிப் பையை மூன்று துண்டு தின்பதும், சே. இனி அந்த ஆளுக்கு என் வீட்டில் பச்சைத் தண்ணீர் கிடையாது. வெரோனா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், கதை விடறான்னு நெனச்சேனே பாவி நான் என்று தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்சம் தெளிந்ததும், ஒங்க வீட்டுக்காரர் எங்கேக்கா என்றாள். வேலிக்கு வெளியே தனியாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தவரைக் காட்டினேன். அவரு எந்த எடத்துல ஆடுனாரு என்றாள். அவரு ஆடல என்றேன். சொல்லிவிட்டேன், பூமி ஒன்றும் பிளக்கவில்லை, ஆனால் அந்த மனுஷன் அங்கே கைதட்டுவதிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. கோபம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருக்குப் பிடிக்கும் என்று இத்தனை வருஷம் செய்த முட்டைக்கோஸ் நிஜமாகவே பிடிக்குமா என்றுகூட இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஒன்று மட்டும் நிச்சயம், உனக்கு டிப்தீரியா வந்தபோது பதினோரு நாள் கட்டில் பக்கத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தது அவர்தான், அதை நான் என் கண்ணால் பார்த்தேன். உன் பையன்களுக்கு அந்த ஓட்டத்தை இனியும் சொல், நல்ல ஓட்டம் அது, ஆனால் ஹூதாக் ஓடினான் என்று சொல்.

கம்பளி உள்சட்டையை இது கிடைத்த அன்றே போட ஆரம்பித்துவிடு, குளிர் தெரியவில்லை என்று காத்திருக்காதே. ஆண்டவன் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும், என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

இந்தக் கடிதத்தை நான் கவரில் போட்டு ஒட்டவில்லை. அடுப்படி மேஜையில் விரித்தபடி வைத்து, பக்கத்தில் கவரையும் தபால்தலையையும் வைத்துவிட்டு என் சிநேகிதி டாரோத்தி வீட்டுக்குப் போகிறேன், சாயங்காலம்தான் வருவேன். அவர் மதியம் சாப்பிட வருவார். கிழித்து அடுப்பில் போட்டாலும் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை, இன்னொரு கடிதம் எழுதவும் மாட்டேன். இது உன் கையில் இருக்கிறதென்றால், கடைசி வரி வரை படித்துவிட்டு அவரேதான் ஒட்டிக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். பதிலை எனக்கு எழுதாதே, அவர் பெயருக்கு எழுது.

அன்புடன்,
உன் அம்மா
அகஸ்தா டேக்